முதல் பக்கம் மட்டும்

மார்ச் 3

அக்காவுக்கு,

ஃபோனில் என் நம்பரை நீ மூடிவிட்டாய். தபாலை மூட முடியாது, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன் குணம் எனக்குத் தெரியாதா.

இதோடு ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். முழுக்க இங்கிலீஷ். வீட்டு முன்பக்கத்து என் தராசு ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில் குடியிருக்கிற வக்கீல் குமாஸ்தாவின் ஃபோனுக்கு யாரோ அனுப்பிய படம். அவர்தான் அதைப் பெரிதாக எடுத்துக் கொடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆறு மாதமாக நான் தொண்டை வற்றக் கத்தியது அத்தனையும் அதில் அச்சு அசலாக இருக்கிறது. பிரஷர் பார்க்கிற மெஷின்களைக் கம்பெனியிலேயே கொஞ்சம் தூக்கி வைத்துத்தான் வெளியே விடுகிறார்கள். கல்லு மாதிரி இருக்கிறவனுக்கும் பிரஷர் என்று காட்டும். காட்டினால்தானே மாத்திரை விற்கும்? டாக்டர்களுக்கு இது தெரியும். சொல்ல மாட்டார்கள்.

இதையே நான் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "உனக்கு மூளை கெட்டுப்போச்சுடா"ன்னு சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாய். இப்போது வெளிநாட்டுக்காரனே எழுதியிருக்கிறானே, அவனுக்கும் மூளை கெட்டுவிட்டதா? அதிலே ஒரு இடத்தில் தராசு ரிப்பேர் செய்கிற ஒருவன் வருகிறான். "ஒரு மெஷினைப் பொய் சொல்ல வைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்" என்கிறான். குமாஸ்தா அந்த வரியைப் படித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கேயோ கண்காணாத தேசத்தில், என் தொழில் செய்கிற ஒருவன், என்னை மாதிரியே யோசித்திருக்கிறான். அவன் வீட்டிலும் ஒரு அக்கா அவனைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நீ கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டாய், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவன் நான். தலை பாரம் போய்விட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று அம்மாவே சொல்கிறாள்.

ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மா, இந்த ஒரு தாளையும் கொஞ்சம் படி.

தம்பி


மார்ச் 10

டேய்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், கை வரவில்லை.

நீ அனுப்பிய தாளை எழுதியவள் நான்தான். வெளிநாட்டுக்காரனும் இல்லை, டாக்டரும் இல்லை. உன் அக்கா, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள்.

என் சாயங்கால வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் டிரைவர், தையல்காரி, பேக்கரியில் மாவு பிசைகிறவர், ஒரு செக்யூரிட்டி. பாதிப் பேர் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள். வேலை முடிந்து அப்படியே வந்து உட்காருவார்கள். வந்ததும் ஃபோனை நீட்டி, "டீச்சர், இது நிஜமா?" என்பார்கள். தினமும் ஒன்று. பொறுத்துப் பார்த்துவிட்டு, சரி, இதையே பாடமாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மக்கள் ஏன் சதிக் கதைகளை நம்புகிறார்கள் என்பதுதான் பாடம். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஒருவன் சதிக் கதையைச் சொல்வான். இரண்டாவது பக்கத்தில் அவன் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்க வேண்டும்.

முதல் பக்கத்துக்கு நல்ல சதிக் கதையாக ஒன்று வேண்டியிருந்தது. நானே எழுதிப் பார்த்தேன், உப்புச் சப்பில்லாமல் வந்தது. அப்போதுதான் நீ எனக்கு மாதக்கணக்கில் அனுப்பிக் குவித்த செய்திகள் ஞாபகம் வந்தது. திறந்து வைத்துக்கொண்டு, நீ சொன்னதையெல்லாம் எளிய இங்கிலீஷில் மாற்றி எழுதினேன். அந்தத் தராசு ரிப்பேர்காரன் நீதான்டா, மடையா! உன்னையே நினைத்து நீயே கண்ணீர் விட்டிருக்கிறாய்.

அன்றைக்கு முதல் பக்கத்தோடு மணி அடித்துவிட்டது. இரண்டாவது பக்கத்தை அடுத்த வாரம் கொடுப்பதாகச் சொன்னேன், நடுவில் வேறு பாடங்கள் வந்து இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் யாரோ முதல் பக்கத்தை மட்டும் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இது நீ எழுதித்தான் தெரியும்.

நம்பவில்லையா? தாளின் ஓரத்தைப் பார். ஐந்து வரிக்கு ஒரு தடவை எண் போட்டிருக்கும், வகுப்பில் "பத்தாவது வரியைப் பாருங்கள்" என்று சொல்வதற்காக. சில வார்த்தைகள் மட்டும் தடியாக இருக்கும், அவையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய புது வார்த்தைகள். எந்த ரகசியத்தை எவன் இப்படி எழுதுவான்? இரண்டு பக்கத்தையும் இதோடு அனுப்புகிறேன். குமாஸ்தாவை இரண்டாவது பக்கத்தையும் படிக்கச் சொல்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிட்டால் போகவில்லை. இப்போது நீ மூடிவிட்டாய் போலிருக்கிறது. லீவு கேட்டேன். ஏப்ரல் பரீட்சைக்கு முன் போனால் திரும்பி வர வேண்டாம் என்கிறார் பிரின்சிபல்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அம்மாவுக்கு மாத்திரையைக் கொடு. சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

யார் உன்னை இப்படி எழுதச் சொன்னது?

நீ எழுதியதை நான் குமாஸ்தாவிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். வரிக்கு எண் போடுவது கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில்தானாம். நாளைக்கு வழக்கு வந்தால் எந்த வரி என்று சொல்ல வசதியாக இருக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். தடி எழுத்தும் அதற்குத்தான், முக்கியமான இடம் தப்பிவிடக் கூடாதென்று. நீ அனுப்பிய இரண்டாவது பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முதல் பக்கத்தைவிடக் காகிதம் வெளுப்பாக இருக்கிறது. அப்புறமாக அடித்துச் சேர்த்தது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். என் காதில் பூ சுற்றாதே.

சரி, ஒரு பேச்சுக்கு நீ சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீ செய்தது என்ன? கூடப் பிறந்தவன் உன்னிடம் நம்பிச் சொன்னதை எடுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் போட்டு, "பாருங்கள், பைத்தியக்காரன் இப்படித்தான் பேசுவான்" என்று பாடம் நடத்தியிருக்கிறாய். என் மானத்தைக் கப்பலேற்றி அதற்கு எண்ணும் போட்டிருக்கிறாய். ஒன்று நீ பொய் சொல்கிறாய், இல்லை என்னைக் கோமாளி ஆக்கியிருக்கிறாய். எது என்று நீயே சொல்லு. உன்னைப் பற்றி அத்தனை மட்டமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் பொய் சொல்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவைப் பற்றி நீ பதற வேண்டாம். தினமும் காலையில் வீட்டு மெஷினில் பிரஷர் பார்க்கிறேன். நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. மாத்திரை சாப்பிட்ட காலத்திலேயே அதற்குக் குறைந்தது கிடையாது. இப்போது மாத்திரையே இல்லாமல் அதே கணக்கு. கையில் சுற்றுகிற பட்டையை நான் எடுத்தாலே அம்மா கையை நீட்டிவிடுகிறாள். டயலில் முள்ளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இதற்கு உன் இரண்டாவது பக்கத்தில் என்ன பதில் இருக்கிறது?

தம்பி


மார்ச் 24

தம்பி,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லவில்லை. உன்னைக் கோமாளி ஆக்கினேன். பெயர் போடவில்லை, யாருக்கும் தெரியாது என்றுதான் செய்தேன். எழுதும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டேன் என்பதும் உண்மை. உனக்கு வயிறு எரியும், எரியட்டும். அதற்காக அம்மாவைப் பணயம் வைக்காதே.

இரண்டாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். போன வாரம் அதை வகுப்பில் நடத்தினேன். ஒவ்வொரு வரியாக எடுத்து உடைத்தேன். எத்தனை கம்பெனிகள், எத்தனை நாடுகள், அத்தனை பேரும் ஒன்று சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது தையல்காரி எழுந்து, "டீச்சர், அப்ப நான் எந்த மெஷின்ல பிரஷர் பாக்கணும்?" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு நேரம் என்னம்மா சொன்னேன்?" என்றேன். "நீங்க சொன்னீங்க டீச்சர். ஆனா முதல் பக்கமும் இங்கிலீஷ்லதானே இருந்துச்சு? நீங்கதானே குடுத்தீங்க?"

செக்யூரிட்டி அதற்கு மேலே போனார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. முதல் பக்கத்துல ஒரு ஆள் பேசுறான். ரெண்டாவது பக்கத்துல யாருமே பேசல."

அங்கேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பு மேலே இல்லை, உன்மேல். என் இங்கிலீஷில், என் இலக்கணத்தில் எழுதியும், நீதான் ஜெயிக்கிறாய். நீ எதைச் சொன்னாலும் கேட்கிறவன் உட்கார்ந்து கேட்பான். சின்ன வயதிலிருந்தே வாய்ப்பேச்சில் உன்னை யாரும் மடக்கியதில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறாய், பார்.

அப்புறம் அந்த நூற்று நாற்பது. எனக்கு அது புரியவே இல்லை. யார் யாரிடமோ நம்பர் வாங்கி, குமாஸ்தா ஃபோனில் கூப்பிட்டு அம்மாவைப் பேச வைத்தேன், அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். அம்மா குரல் நன்றாகத்தான் இருந்தது. "நீ ஒண்ணும் கவலப்படாதடீ. தம்பி மெஷின சரி பண்ணிட்டான். இப்பல்லாம் நல்லாக் காட்டுது" என்றாள்.

சரி பண்ணிட்டான் என்றால் என்ன அர்த்தம்? ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கேட்டேன். "வேற மெஷின்ல ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க டீச்சர், உடனே" என்றார். சொல்கிறேன். வேறு மெஷினில் பார்.

அந்த மெஷினை நீ திறந்தாயா? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

ஆமாம், திறந்தேன். திருட்டுத்தனமாகவா திறந்தேன்? அம்மாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தேன். மெஷினைத் திருத்துவது என் தொழில். ஆஸ்பத்திரிக்காரன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு முள்ளைப் பார்க்கிறான், அவ்வளவுதான். முள்ளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கடைக்காரர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு கிலோவுக்கு அம்பது கிராம் கூடக் காட்ற மாதிரி வச்சுக் குடுங்க" என்று காதோடு கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் தெரியுமா? ஊரில் தராசுக்காரன் ஒருத்தன் யோக்கியன் என்றால் அது நான்தான். மளிகைக் கடைக்காரனுக்கே இந்தப் புத்தி இருக்கும்போது மாத்திரைக் கம்பெனிக்காரன் மட்டும் உத்தமனா?

தராசைச் சரி பார்க்க முத்திரை போட்ட எடைக்கல் இருக்கிறது. தட்டில் வைத்தால் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும், நிற்காவிட்டால் திருத்து. பிரஷருக்கு எடைக்கல் கிடையாது. ரொம்ப யோசித்தேன். அப்புறம் தோன்றியது, என் கையே இருக்கிறதே என்று. நான் ஓடியாடி வேலை செய்கிறவன், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தது கிடையாது. எனக்குச் சரியாக நூற்றிருபதுதான் இருக்க வேண்டும். பட்டையை என் கையில் சுற்றி, குழாயைக் காதில் மாட்டிக் கேட்டேன். நூற்றறுபது காட்டியது! பார்த்துக்கொள், எத்தனை தூக்கி வைத்திருக்கிறான் என்று. கண்ணாடியைக் கழற்றி, முள்ளை எடுத்து, என் கையில் நூற்றிருபது காட்டுகிற மாதிரி திருப்பி வைத்தேன். நாலு தடவை போட்டுப் பார்த்தேன், நாலு தடவையும் நூற்றிருபது. அதற்கப்புறம்தான் அம்மாவுக்குப் பார்த்தேன்.

பட்டையில் காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தொங்குகிறது. அது ஒன்றுதான் கொஞ்சம் உறுத்துகிறது. வேலை செய்கிற நேரத்தில் சரியாகக் காட்டுகிறது, அது போதும்.

உன் வகுப்பில் அந்த செக்யூரிட்டி சொன்னதைக் குமாஸ்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஆளைக் கேட்டதாகச் சொல்லு.

தம்பி


ஏப்ரல் 5

முட்டாளே,

நீ எடைக்கல் இல்லை. உனக்குப் பிரஷர் இருக்கிறது. நாற்பத்தாறு வயது, எல்லாவற்றுக்கும் கத்துகிறாய், அப்பாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு இருக்கிறது, உனக்கு மட்டும் வராமல் போக நீ என்ன மேலிருந்து இறங்கி வந்தவனா? மெஷின் உனக்கு நூற்றறுபது காட்டியது என்றால் உனக்கு நூற்றறுபது. நீ நாற்பதைக் கீழே இறக்கினாய். அம்மாவுக்கு நூற்று நாற்பது காட்டுகிறது என்றால் அம்மாவுக்கு நூற்றெண்பது. கூட்டிப் பார். இதற்கு இங்கிலீஷ் வேண்டாம்.

எந்தக் கம்பெனிக்காரனும் செய்யாததை நீ செய்திருக்கிறாய். உலகத்தில் ஒரே ஒரு பிரஷர் மெஷினைத்தான் வேண்டுமென்றே திருப்பி வைத்திருக்கிறார்கள். அது உன் வீட்டில் இருக்கிறது. திருப்பியவன் நீ.

என் பேச்சு வேண்டாம், டாக்டர் பேச்சும் வேண்டாம். உன் தொழிலிலிருந்தே ஒன்று கேட்கிறேன். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யத்தில் நிற்காத தராசை நீ கடையை விட்டு வெளியே அனுப்புவாயா? ஊரில் ஒரே யோக்கியனே, பதில் சொல்லு. அந்தத் தராசில் யாராவது உன் அம்மாவுக்குச் சாமான் நிறுத்துப் போட்டால் அவன் சட்டையைப் பிடிக்க மாட்டாயா?

பிரின்சிபலிடம் மறுபடி போகிறேன். வேலை போனால் போகட்டும். குமாஸ்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டார், அதனால் இது கூரியரில் வருகிறது. கிடைத்த நிமிஷத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா


ஏப்ரல் 12

உன் கூரியர் ஒன்பதாம் தேதி வந்தது. அம்மா விழுந்தது எட்டாம் தேதி.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஏன் மூடவில்லை என்று எட்டிப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு வரவில்லை. குமாஸ்தா உனக்கு ஃபோனில் சொல்லிவிட்டார், நீ இருபத்திரண்டாம் தேதி வருவதாகச் சொன்னாயாம். வேலை போனால் போகட்டும் என்று எழுதியவள், பரீட்சை முடிந்த மறுநாளைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

நேரில் வந்தால் என்னால் இதைச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். அந்தத் தாளை எழுதியது நீதான். இப்போது நம்புகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் மறுபடி குமாஸ்தாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் பேச்சு எனக்கே தெரிந்தது. நான் சும்மா கத்திக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. கத்துகிறவன் நான், ஆறு மாதம் கத்தியும் மாத்திரையை நிறுத்தவில்லையே? அம்மாவிடம் மாத்திரை டப்பாவைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லையே? உன் இங்கிலீஷ் வந்தபிறகுதான் வந்தது. நீ அச்சடித்துக் கொடுத்தாய். என் வாயில் இருந்தவரைக்கும் அது வெறும் பேச்சு. உன் கைக்குப் போனதும் சாட்சி ஆகிவிட்டது. அம்மா விழுந்ததற்கு நீ காரணம்.

முள்ளை நான் திருப்பினேன், மறுக்கவில்லை. இங்கே மூன்று மெஷினில் பார்த்தார்கள், மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. நர்ஸ் எனக்கும் பார்த்தாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

இப்போது அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. அம்மா மாத்திரை சாப்பிட மாட்டேன் என்கிறாள். விழுங்க முடிகிறது, கஞ்சி இறங்குகிறது. நர்ஸ் மாத்திரையைப் பொடித்துக் கொண்டுவந்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பட்டையைச் சுற்ற வந்தால் இடது கையால் தள்ளிவிடுகிறாள். என்னைப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பையைக் காட்டுகிறாள். வீட்டு மெஷின் அதில்தான் இருக்கிறது. நான் பார்க்க வேண்டுமாம். என் மெஷினில் பார்த்தால்தான் நம்புவாளாம். இதுவரை ஊசியில் ஓட்டுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு மாத்திரை இல்லாமல் இருந்தால் இன்னொரு தடவை வரும், அப்போது காப்பாற்ற முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை. முள்ளை இந்தத் தடவை மேலே திருப்பி வைக்கிறேன். இருநூற்றைம்பது காட்டுகிற மாதிரி. அம்மா பார்த்துப் பயந்து வாயைத் திறந்துவிடுவாள். ஒரு நிமிஷ வேலை. செய்யட்டுமா?

நீதானே இதற்கெல்லாம் பாடம் நடத்துகிறாய். சொல்லு.

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

நான் வருவதற்கு முன் இது உன் கையில் இருக்கட்டும்.

நீ இப்போது என்னை நம்புவது ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்னால் நம்பியிருந்தால் நீ தோற்றிருப்பாய். இப்போது நம்பினால் பாதிப் பழியை என் தலையில் இறக்கி வைக்கலாம். பாடத்தில் இதையும் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் பழி பொய் இல்லை, பாதி என்னுடையதுதான். அந்தப் பாதியை நான் தூக்கிக்கொள்கிறேன். மிச்சப் பாதியை என்னிடம் தள்ளப் பார்த்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.

பரீட்சை முடிந்துதான் நான் வருகிறேன் என்று குத்திக் காட்டினாய். ஆமாம். இங்கே வேலை போனால் ஆஸ்பத்திரிக்கு யார் கட்டுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததற்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன், போதுமா?

முள்ளை மேலே திருப்பாதே. கீழே திருப்பி ஒருத்தியைப் படுக்க வைத்தது போதவில்லையா? இன்றைக்கு ஏமாற்றி ஒரு மாத்திரை கொடுப்பாய், நாளைக்கு? நீ எப்போது எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாய் என்று உனக்கே மறந்துவிடும்.

நீ என்னிடம் கேட்டது, நம்பிவிட்டவர்களை எப்படித் திருப்புவது என்று. எனக்குத் தெரியாதுடா. இருபது பேர் முன்னால் நின்று அதைத்தான் செய்யப் பார்த்தேன், ஒரு தையல்காரியைக்கூட என்னால் திருப்ப முடியவில்லை. அம்மா டாக்டரை நம்பாமல் இருப்பதற்குக் காரணமே, உன்னை நம்புவதுதான். அந்த நம்பிக்கையை நீயே உடைத்தால் ஒழிய வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அதனால் இப்படிச் செய்வோம். நான் வந்ததும், அம்மா கண்ணெதிரே, கட்டில் மேசையில் வைத்து நீ அந்த மெஷினைத் திற. அன்றைக்கு எதிரே உட்கார வைத்துத்தானே திறந்தாய்? அதே மாதிரி. முள்ளை எடுத்துப் பூஜ்யத்தில் வை. பூஜ்யத்தில் மட்டும் வை, அதற்கு மேலே ஒரு கோடு வேண்டாம். என்ன செய்தாய், எதை வைத்துச் செய்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லு. உனக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், அந்தத் தாளை எழுதியது நான், எழுதும்போது சிரித்தேன் என்று.

அம்மாவுக்குக் கோபம் வரும். வரட்டும். நமக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

நீ விமானம் ஏறிய இரண்டாம் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் ஒரு நர்ஸ் வந்து போகிறாள். வலது கால் கொஞ்சம் அசைகிறது. பேச்சு இன்னும் வரவில்லை, வந்தாலும் நம் இருவரோடும் பேசுவாளா என்பது சந்தேகம்தான்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று, "இதையும் எழுதி வகுப்பில் படிக்கட்டுமா?" என்று கேட்டாய். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பாய். கூடாது. என் பேச்சை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை பைத்தியக்காரன் ஆக்கினாய், இன்னொரு தடவை திருந்தினவன் ஆக்கி நிறுத்தாதே. இரண்டாவது பக்கத்துக்கு வேறு ஆளைப் பார். உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்கவில்லை என்பது நீ சோறு போட்ட விதத்திலேயே தெரிந்தது.

நீ போனதிலிருந்து, அம்மா மாத்திரை சாப்பிடுகிறாளா என்று தினமும் குமாஸ்தாவைக் கேட்கிறாயாம். சாப்பிடுகிறாள். நர்ஸ் பொடித்துக் கொடுத்தால் கிளி மாதிரி வாயைத் திறக்கிறாள். நர்ஸ் பட்டையைச் சுற்றினால் பேசாமல் கையைக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரியில் நீ தாளைப் பற்றிச் சொன்னபோது உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் இல்லையா, நான் முள்ளைக் கழற்றியபோதுதான் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து என் கையால் எதுவும் வாங்குவதில்லை. மாத்திரையை விடு, ஒரு டம்ளர் தண்ணீர் நான் நீட்டினால்கூட உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். அதே தண்ணீரை நர்ஸ் கொடுத்தால் குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வருவதில்லை. அன்றைக்கு மாடியிலிருந்து குமாஸ்தாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் பாதியைப் புடவையில் கொட்டுகிறார், அப்படியும் அவர் கையால்தான் குடிக்கிறாள்.

எனக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுடையதுதான், அதே அட்டை. காலையில் நர்ஸ் இரண்டு எடுத்து வைக்கிறாள். அம்மா தன்னுடையதைச் சாப்பிட்டு முடித்ததும் என் பக்கம் திரும்புகிறாள். நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்வரை கண்ணை எடுப்பதில்லை. குடித்து முடித்ததும் இடது கை விரலால் என் தாடையைத் தொட்டுக் கீழே இழுக்கிறாள். நான் வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, அடியிலும் ஒன்றும் இல்லை என்று காட்டுகிறேன். இரண்டு கன்னத்துக்குள்ளும் விரலை விட்டுத் துழாவிப் பார்க்கிறாள். ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்கப்புறமும் நர்ஸைப் பார்த்து, நிஜமாகவே விழுங்கிவிட்டானா என்று கண்ணால் கேட்கிறாள்.

தம்பி